ஹெர்பர்ட் கேட்ட ஒரு போன்

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு ஹெர்பர்ட் கிளம்பிவிடுவார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் சிறை அனுமதிக் கடிதத்தின் நகல்கள் நான்கு இருக்கும். முதல் கேட்டில் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள். இரண்டாம் கேட்டில் இன்னொன்று கேட்பார்கள். உள்ளே அலுவலகத்தில் ஒரிஜினல் எங்கே என்பார்கள். சில வாரங்களில் யாரும் எதையும் கேட்காமல் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, மூன்றரை மணிக்கு "இன்னிக்கு ஆகாது, நாளெ பன்னி" என்று பாதிக் கன்னடத்தில், நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நாளை வெள்ளிக்கிழமை, அன்றைக்கு அவருக்கு அனுமதியே கிடையாது என்பது சொல்கிறவருக்கும் தெரியும்.

இப்படித்தான் 1995ஆம் வருஷத்திலிருந்து அவர் பெங்களூர்ச் சிறைக்குள் குடிநோயாளிகளுக்கான கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார்.

ஹெர்பர்ட் பிறந்து வளர்ந்ததெல்லாம் ஆஸ்டின் டவுனில். இருபத்துநான்கு வருஷம் டெலிபோன் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அதில் பதினைந்து வருஷம் குடி. 1984இல் ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில், நல்ல போதையில் ஸ்கூட்டர் ஓட்டிப்போய் ஜான்சன் மார்க்கெட் திருப்பத்தில் ஒரு காய்கறித் தள்ளுவண்டியில் மோதினார். வண்டிக்காரம்மாவுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. யூனியன்காரர்கள் வந்து பேசினார்கள், பேட்டையின் பெரிய மனிதர் ஒருவர் ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொன்னார், கேஸ் இல்லாமல் போயிற்று. அவர் மனைவி கேத்தரின் மட்டும் அதை அப்படி விடவில்லை. பெண்ணைக் கூட்டிக்கொண்டு கோலார் தங்கவயலில் இருந்த அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். எட்டு மாதம் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் ஒரு வருஷம் குடித்துவிட்டுத்தான் ஹெர்பர்ட் நிறுத்தினார். சர்ச் ஹாலில் குடியை விட்டவர்கள் கூடும் கூட்டத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தார். அடுத்த ஞாயிறும் போனார். போய்க்கொண்டே இருந்தார்.

சிறைக்குள் கூட்டம் நடத்த அவரை அழைத்தவர் அங்கே நல்வாழ்வு அதிகாரியாக இருந்த வெங்கடசுப்ரமணியன். மூன்று தலைமுறையாக மைசூர் அரசாங்க உத்தியோகம் பார்த்த தமிழ்க் குடும்பம். நல்ல மனிதர். ஃபைலில் இல்லாததைச் செய்யப் பயப்படுகிற நல்ல மனிதர்.

நெசவுக்கூடத்தை ஒட்டிய அறையைக் கொடுத்தார்கள். முதல் வியாழக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் வெள்ளை உடுப்புப் போட்ட தண்டனைக் கைதிகள். ஹெர்பர்ட் தன் ஸ்கூட்டர் கதையைச் சொன்னார். "அன்னிக்குக் கேஸ் போட்டிருந்தா நான் உங்க பக்கம் உட்கார்ந்திருப்பேன். போடல. அவ்ளோதான்" என்றார். பாதிப் பேர் சிரித்தார்கள். ஒருவர் அழுதார். கூட்டம் பிடித்துக்கொண்டது.

ஆனால் ஹெர்பர்ட்டின் கண்ணில் பட்டவர்கள் வேறு ஆட்கள். அலுவலகத்துக்குப் போகும் வழியில் புதிதாகப் பிடித்து வந்தவர்களை வரிசையாக உட்கார வைத்திருப்பார்கள். குடி நின்று இரண்டு நாள் ஆகியிருக்கும். கை நடுங்கும், சட்டை தொப்பலாக நனைந்திருக்கும், ஒருவன் சுவரில் ஊர்கிறது என்று எதையோ தட்டிக்கொண்டிருப்பான். அந்த நடுக்கம் என்னவென்று ஹெர்பர்ட்டுக்குத் தெரியும். கூட்டத்துக்கு முதலில் வரவேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களோ விசாரணைக் கைதிகள்.

வெங்கடசுப்ரமணியனிடம் கேட்டார். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஹெர்பர்ட் சார், தொழில் பயிற்சி, சீர்திருத்தம், கவுன்சலிங் எல்லாம் தண்டனை ஆனவாளுக்குத்தான். விசாரணைக் கைதி சட்டப்படி இன்னும் குத்தவாளியே இல்லை. குத்தம் பண்ணாதவனை நான் எப்படி சார் திருத்தறது?"

"திருத்த வேணாம் சார். வந்து உட்காரட்டும்."

"உட்கார்றதுக்கும் ரூல் இருக்கே."

அந்தச் சிறையில் பத்தில் ஏழு பேர் விசாரணைக் கைதிகள். வருஷக்கணக்கில் உள்ளே கிடந்தவர்கள் உண்டு. அவர்களுக்குப் பாயும் தட்டும் கோர்ட் தேதியும் தவிர வேறொன்றும் கிடையாது. ஹெர்பர்ட் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார். கேத்தரின் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவள். ரூல் என்றால் என்ன என்று அவளுக்கு ஹெர்பர்ட்டைவிட நன்றாகத் தெரியும். "அவர் கையில என்னங்க இருக்கு, அவரு ஒரு சின்ன ஆபீசர்" என்பாள். "சின்ன ஆபீசரு, பெரிய ஆபீசரு, ஒருத்தன் கையிலயும் இல்லன்னா யார் கையிலதான் இருக்கு?" என்று இவர் கத்துவார்.

1997 ஜூனில் பச்சைமுத்து வந்தான். முப்பத்துநான்கு வயது. பாலக்கோட்டுப் பக்கத்து ஆள், பெங்களூரில் கட்டிடங்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஒயின் ஷாப் வாசலில் நடந்த அடிதடியில் ஒருத்தனுக்கு மண்டை உடைந்தது, பச்சைமுத்து கையில் பாட்டில் இருந்தது. அவனும் விசாரணைக் கைதிதான், கூட்டத்துக்கு வரமுடியாது. ஆனால் வார்டர் ஒருவர் கூட்டத்துக்குத் தண்ணீர்க் குடம் கொண்டுபோய் வைக்கும் வேலையை அவனுக்குக் கொடுத்தார். குடத்தை வைத்துவிட்டுப் போகவேண்டியவன் கதவோரம் நின்றான். அடுத்த வாரமும் நின்றான். மூன்றாம் வாரம் ஹெர்பர்ட் பெஞ்சின் ஓரத்தைக் காட்டினார். உட்கார்ந்தான். வெங்கடசுப்ரமணியன் ஒருநாள் எட்டிப் பார்த்து, அவனுடைய வண்ணச் சட்டையைக் கவனித்தார். "தண்ணி கொண்டாந்தவன் சார்" என்றார் ஹெர்பர்ட். "சரி, தண்ணி தீரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் செய்த மிகப் பெரிய விதிமீறல் அதுதான்.

பச்சைமுத்து முதலில் பேசவே இல்லை. பிறகு, கன்னடம் மட்டும் தெரிந்தவர்களுக்கு ஹெர்பர்ட் சொல்வதை எடுத்துச் சொல்ல ஆரம்பித்தான். ஹெர்பர்ட்டுக்குக் கன்னடம் நன்றாக வரும். ஆனால் பச்சைமுத்து சொன்னால் அது வேலையாள் பாஷையில் நேரே போய் இறங்கியது. அக்டோபரில் ஒருநாள் தன் கதையைச் சொன்னான். சாரத்தின் மேல் நிற்கும்போது கை நடுங்கக்கூடாது என்பதற்காகக் காலையில் ஒரு பாக்கெட் சாராயம் குடிக்கத் தொடங்கியதாகவும், அது இல்லாவிட்டால் கை நடுங்கும் என்ற நிலைமை வந்ததாகவும் சொன்னான். பெண்டாட்டி எப்போதோ போய்விட்டாள். கதை முடிந்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனான்.

அவனுக்கு இரண்டாம் வாரமே ஜாமீன் கிடைத்திருந்தது. நிலப்பத்திரம் உள்ள ஆள் ஒருவர் வந்து ஷூரிட்டி கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வெளியே போகலாம். பச்சைமுத்துவுக்கு அப்படி யாரைத் தெரியும்? ஹெர்பர்ட்டும் வாடகை வீட்டுக்காரர். தெரிந்தவர்களிடம் கேட்டுப் பார்த்தார், எல்லோரும் பேச்சை மாற்றினார்கள். ஜாமீன் கிடைத்த மனுஷன் ஏழரை மாதம் உள்ளேயே கிடந்தான். அத்தனை நாளும் ஒரு சொட்டுத் தொடவில்லை. சிறைக்குள் கிடைக்காமலா இருக்கும்? கிடைக்கும். தொடவில்லை.

1998 பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை குடத்தை வேறொருவன் கொண்டுவந்தான்.

"பச்சைமுத்து எங்கப்பா?"

"அவனா, செவ்வாக்கிழமையே போயிட்டானே சார்."

கோர்ட்டில் மனு போட்டு, ஷூரிட்டி வேண்டாம், சொந்தக் கையெழுத்தே போதும் என்று உத்தரவாகியிருக்கிறது. உத்தரவு மாலை சிறைக்கு வந்தது. ஏழு மணிக்குக் கேட்டைத் திறந்து விட்டுவிட்டார்கள். ஹெர்பர்ட் நேரே அலுவலகத்துக்குப் போனார். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா சார்? நான் வந்து நின்னிருப்பேனே. வீட்டுல போன் இருக்கு, நம்பர் உங்ககிட்ட இருக்கு."

வெங்கடசுப்ரமணியனுக்கு அந்த உத்தரவு வந்ததே தெரியாது. அவர் ஐந்தரைக்கு வீட்டுக்குப் போகிறவர்.

பச்சைமுத்து அத்திபெலேயில் ஒரு பெயின்ட் கடையைப் பற்றிச் சொல்லியிருந்தான், வேலை வேண்டும் என்றால் ஆட்கள் அங்கேதான் போய் நிற்பார்கள் என்று. மார்க்கெட்டிலிருந்து பஸ் பிடித்து ஹெர்பர்ட் அத்திபெலேக்குப் போனார். முதல் தடவை கடை பூட்டியிருந்தது. இரண்டாம் தடவை "காலைல இருந்தான்" என்றார்கள். மூன்றாம் தடவை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கண்டுபிடித்தார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகம் வீங்கியிருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான், முடியவில்லை.

ஹெர்பர்ட் பக்கத்தில் உட்கார்ந்தார். "எப்போ ஆரம்பிச்ச?"

"அன்னிக்கே ண்ணா. கேட்டு தொறந்தான். ரோட்டுக்கு அந்தாண்ட சாராயக்கடை. குடிக்கணும்னு நெனச்சிக்கூட போவல. காலு போச்சி."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேப்பா."

"நீங்க குடுத்த நம்பரு சீட்டு பாரக்குல பாய்க்குக் கீழ இருந்திச்சி. ஆபீஸ்ல நிக்க வெச்சிட்டு இருந்தாங்க. போயி எடுத்துக்கினு வந்துர்றேன்னேன். இப்ப போறியா, இல்ல நாளைக்குப் போறியான்னு கேட்டாரு வார்டரு. நீங்களா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

ஏழரை மாதம் உள்ளே கிடந்தவன் திறந்த கேட்டின் முன்னால் நின்று ஒரு துண்டுச் சீட்டுக்காகத் திரும்பிப் போவானா? ஹெர்பர்ட் அவனைக் கூட்டிக்கொண்டு வந்து சர்ச் ஹால் கூட்டத்தில் உட்கார வைத்தார். இரண்டு ஞாயிறு வந்தான். மூன்றாம் ஞாயிறு வரவில்லை. அப்புறம் வரவே இல்லை.

அந்த மாதம்தான் ஹெர்பர்ட் தன் முதல் மனுவை எழுதினார். கூட்டத்துக்கு வரும் எந்தக் கைதியை விடுவிப்பதாக இருந்தாலும் ஒரு நாள் முன்னால் தெரியப்படுத்தவேண்டும், அவ்வளவுதான். சூப்பரின்டென்டென்ட் படித்துப் பார்த்துவிட்டு, கோர்ட் உத்தரவு வருகிற நாளில்தானே எங்களுக்கே தெரியும், ஒரு நாள் முன்னால் எப்படிச் சொல்வது என்றார். நியாயம்தான். ஹெர்பர்ட் திருத்தி எழுதினார்: உத்தரவு வந்ததும் ஒரே ஒரு போன். பேப்பர் வேலை முடிந்து ஆளை வெளியே விட இரண்டு மணி நேரம் ஆகிறது. ஆஸ்டின் டவுனிலிருந்து அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன்.

"நல்ல யோசனை. கன்னடத்தில் எழுதிக் கொடுங்கள்" என்றார் அவர். கேத்தரினுடைய பள்ளிக்கூடத்துக் கன்னட டீச்சரிடம் கொடுத்து எழுதி வாங்கினார். கொண்டுபோனபோது சூப்பரின்டென்டென்ட் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர், பதிவு பெற்ற அமைப்பின் பெயரில் மனு வரவேண்டும் என்றார். குடியை விட்ட பத்துப் பேர் ஒரு ஹாலில் கூடுவதற்கு யார் பதிவு செய்தார்கள்? மேலதிகாரிகளுக்கு எழுதினார். கிடைத்தது என்று அட்டை வந்தது. மறுபடி எழுதினார். மறுபடி அட்டை வந்தது. வெங்கடசுப்ரமணியனும் குல்பர்காவுக்கு மாற்றலாகிப் போனார். போகிற அன்று ஹெர்பர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஃபைல்ல நான் நல்லா நோட் போட்டிருக்கேன் சார்" என்றார். அந்த ஃபைலை ஹெர்பர்ட் பிறகு ஒருநாளும் கண்ணால் பார்க்கவில்லை.

"இருபத்துநாலு வருஷம் நான் செஞ்ச போனு இந்தியா பூரா அடிக்குது கேத்தி. எனக்கு ஒரு போன் பண்ண நாதி இல்ல" என்றார் வீட்டில்.

"நீங்க கத்தினா பிரஷர்தான் ஏறும்" என்றாள் கேத்தரின்.

1999 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. புதிதாக வந்தவர்களின் வரிசையில் பச்சைமுத்து உட்கார்ந்திருந்தான். ஹெர்பர்ட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

நடந்தது இதுதான். அத்திபெலேயில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை. கூட வேலை செய்த கோவிந்தன், "குடிச்சிட்டு மேல ஏறாத" என்று தடுத்திருக்கிறான். சாரத்தின் மேல் வைத்தே வாய்ச்சண்டை முற்றியது. பச்சைமுத்து பிடித்துத் தள்ளினான். இரண்டாம் மாடி உயரத்திலிருந்து கோவிந்தன் ஜல்லிக்குவியல் மேல் விழுந்தான். உயிர் பிழைத்தது. இடுப்பெலும்பு நொறுங்கிப்போயிற்று.

ஹெர்பர்ட் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. பிறகு கோவிந்தனைப் பார்க்கப் போனார். யாரும் போகச் சொல்லவில்லை. கேத்தரின் வேண்டாம் என்றுகூடச் சொன்னாள். ஓட்டு வீடு, வாசல் பக்கம் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தான். நாற்பது வயது இருக்கும். மனைவி டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஹெர்பர்ட் தான் யார் என்பதைச் சொன்னார். பச்சைமுத்து ஏழரை மாதம் குடிக்காமல் இருந்ததையும், சொல்லாமல் கொள்ளாமல் வெளியே விடப்பட்டதையும் சொன்னார். சொல்லச் சொல்ல, அது ஏதோ பச்சைமுத்துவுக்காகப் பரிந்து பேசுவதுபோல அவருக்கே கேட்டது.

கோவிந்தன் முழுக்கக் கேட்டான். "அப்ப நீங்கதான் அந்தக் கூட்டம் வெக்கிறவரா?"

"ஆமாம்பா."

"உள்ள அவனுக்கு டாக்டரு இருக்காரு, சோறு போடறாங்க, வாரா வாரம் நீங்க போயி பேசறீங்க. எனக்கு யாரு கூட்டம் வெக்கிறா? நான் என்னா தப்பு பண்ணேன்? குடிக்காதன்னு சொன்னேன். அவ்ளோதான் நான் பண்ணது."

ஹெர்பர்ட் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் திருந்தட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா அதைச் சொல்ல என் வீட்டுக்கு வராதீங்க சார். காப்பி ஆறுது, குடிங்க."

குடித்துவிட்டு வந்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம், கோவிந்தன் தன்னைத் திட்டித் துரத்தியிருந்தால் தேவலை என்று தோன்றிக்கொண்டிருந்தது.

அந்தத் தடவை பச்சைமுத்து தண்ணீர் கொண்டுவரக்கூட அனுப்பப்படவில்லை. வேறு பாரக், வேறு வார்டர். இதற்கிடையில் சிறையே ஊருக்கு வெளியே, ஓசூர் ரோட்டைத் தாண்டிப் புதுக் கட்டிடத்துக்கு மாறிப்போயிற்று. ஹெர்பர்ட்டுக்கு இரண்டு பஸ், அப்புறம் ஒரு கிலோமீட்டர் நடை. பழைய அனுமதிக் கடிதம் புதிய இடத்துக்குச் செல்லாது என்றார்கள். புதிய கடிதம் வாங்க ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதமும் கூட்டம் கிடையாது.

2001 மார்ச்சில் பச்சைமுத்துவுக்குத் தீர்ப்பு வந்தது. மூன்று வருஷம், ஏற்கெனவே உள்ளே இருந்த நாட்களைக் கழித்துக்கொண்டு. அடுத்த வியாழக்கிழமை அவன் வெள்ளை உடுப்பில் கூட்டத்துக்கு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

"சஜா ஆயிடுச்சி ண்ணா" என்றான். தண்டனையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். "இப்ப நான் வரலாமாம். ஆபீஸ்லயே பேரு எழுதிக்கிட்டாங்க."

ஹெர்பர்ட் அன்றைக்குக் கூட்டத்தை அவனையே நடத்தச் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். நாலு வருஷத்துக்கு முன்னால் இவன் வருவதற்குத் தயாராக இருந்தான். அப்போது இவன் குற்றவாளி இல்லை, அதனால் இடமில்லை. இப்போது ஒரு மனுஷனின் இடுப்பு ஒடிந்திருக்கிறது, இவனுக்கு இடம் கிடைத்திருக்கிறது. யாரைப் பிடித்து உலுக்குவது?

வெள்ளை உடுப்பு வந்ததும் எல்லாம் வந்தது. டாக்டர் மாதம் ஒருமுறை பார்த்தார். தச்சுப் பட்டறையில் வேலை. யோகா வகுப்பு. காந்தி ஜெயந்தி அன்று விழா நடத்தி, குடியிலிருந்து மீண்டவர்கள் ஆறு பேருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஷாமியானா, மைக்செட், பெரிய அதிகாரி ஒருவர் தலைமை. பச்சைமுத்து மேடையேறி வாங்கினான், கைதட்டினார்கள். ஹெர்பர்ட்டையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள்.

அவர் கன்னடத்தில் பேசினார். நன்றி சொல்லிவிட்டு, "இந்தப் பச்சைமுத்து 1997லேயே இதே சிறையில் குடியை விட்டவர். அன்றைக்கு அவருக்குச் சான்றிதழ் இல்லை, கூட்டத்தில் உட்கார அனுமதிகூட இல்லை. அன்றைக்கு எனக்கு ஒரு போன் செய்திருந்தால், அத்திபெலேயில் கோவிந்தன் என்று ஒருவர் இன்றைக்கு..." என்று ஆரம்பித்தார். விழா நடத்துபவர் சிரித்த முகத்தோடு வந்து, நேரமாகிவிட்டது சார் என்று மைக்கை வாங்கிக்கொண்டார். அடுத்து குரூப் டான்ஸ்.

மேடைக்குப் பின்னால் பச்சைமுத்து அவரைப் பிடித்துக்கொண்டான். கண் சிவந்திருந்தது. "அவன் பேரை ஏன் ண்ணா இங்க எடுத்தீங்க?"

"ஏன், எடுக்கக்கூடாதா?"

"தள்ளினது நானு. போனு வரலன்னா தள்ளுனேன்? நீங்க ஆபீஸைத் திட்டறீங்க, சரி. ஆனா என் கையை ஆபீஸ் கைன்னு சொல்லாதீங்க."

ஹெர்பர்ட் வீட்டுக்கு வந்து கேத்தரினிடம் சொன்னார். அவள் அரிந்துகொண்டிருந்த வெங்காயத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அந்தாளு உங்களைவிட நல்லா தேறியிருக்காரு" என்றாள். "நீங்க அந்தத் தள்ளுவண்டிக்காரம்மாவை ஒரு தடவையாவது போயிப் பார்த்தீங்களா?" பார்த்ததில்லை. குடியை நிறுத்திய பிறகு இரண்டு முறை தேடிப்போனதாகவும், அந்த இடத்தில் அவள் இல்லை என்றும் சொன்னார். கேத்தரின் அதற்கு மேல் கேட்கவில்லை.

தண்டனைக் கழிவு போக 2002 மே மாதம் பச்சைமுத்துவுக்கு விடுதலை. தண்டனைக் கைதி என்பதால் தேதி இரண்டு மாதத்துக்கு முன்பே ஃபைலில் இருந்தது, கேட்டதும் சொன்னார்கள். ஹெர்பர்ட்டும் கேத்தரினும் காலை எட்டு மணிக்கே போய் நின்றார்கள். கேத்தரின் இட்லி கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பச்சைமுத்து வெளியே வந்து, பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து ஆறு இட்லி சாப்பிட்டான். அன்றைக்குச் சாயங்காலமே சர்ச் ஹாலுக்கு வந்தான்.

வைட்ஃபீல்ட் பக்கம் அப்போது கட்டிடம் கட்டிடமாக எழும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடி ஆபீஸ்கள், மதிலுக்குள் அடுக்குமாடிகள். பெயின்டர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை, ஜெயிலா என்று யாரும் கேட்கவில்லை. பச்சைமுத்து அங்கேயே ஒரு ஷெட்டில் மூன்று பேரோடு தங்கினான். குடிக்கவில்லை. ஒருமுறை அத்திபெலேக்குப் போய்க் கோவிந்தன் வீட்டு வாசலில் நின்றிருக்கிறான். கோவிந்தனின் மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டாள். இதை அவன் ஹாலில் சொன்னபோது யாரும் ஆறுதல் சொல்லவில்லை, சொல்லும்படி அவன் எதிர்பார்க்கவும் இல்லை.

2004இல் ஹெர்பர்ட்டுக்கு முழங்கால் வலி வந்தது. இரண்டு பஸ்ஸும் ஒரு கிலோமீட்டர் நடையும் முடியவில்லை. கூட்டத்தை யாரிடமாவது ஒப்படைக்கவேண்டும். ஹாலில் இருந்தவர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஜெயில் என்றதும் தயங்கினார்கள். தயங்காதவன் ஒருவன்தான். "நான் போறேன் ண்ணா. வியாழக்கிழமை லீவு போட்டுக்கறேன்" என்றான் பச்சைமுத்து. உள்ளே இருப்பவர்களின் பேச்சு, பயம், பொய் எல்லாம் அவனுக்குத் தெரியும். அவனைவிடப் பொருத்தமான ஆள் கர்நாடகத்திலேயே கிடையாது என்று நினைத்தார் ஹெர்பர்ட். மனு எழுதினார், இந்தத் தடவை முதலிலேயே கன்னடத்தில்.

புதிய நல்வாழ்வு அதிகாரி ஜெயலக்ஷ்மி என்ற இளம் பெண். மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தாள். மனுவை இரண்டு முறை படித்தாள். "சாரி சார், தண்டனை அனுபவிச்சவங்களுக்கு வாலன்டியர் பாஸ் கொடுக்கிறதில்ல. செக்யூரிட்டி ரூல்."

"அம்மா, நீங்கதானே அவருக்கு சர்டிஃபிகேட் கொடுத்தீங்க? திருந்திட்டாருன்னு எழுதி, சீல் வெச்சி?"

"அது வேற டிபார்ட்மென்ட் ஃபார்மட் சார்." அவளுக்கே சங்கடமாக இருந்தது. "நீங்க சொல்றது எனக்குப் புரியுது. நான் வேணா மேலே ஒரு நோட் போடறேன்."

"நோட்டு வேணாம்மா" என்று எழுந்தார் ஹெர்பர்ட். "எனக்கு முன்னாடியே ஒருத்தர் போட்டாரு."

வெளியே பச்சைமுத்து காத்திருந்தான். நல்ல சட்டை போட்டு, தாடி மழித்து வந்திருந்தான். ஹெர்பர்ட்டின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான். "விடுங்க ண்ணா. உள்ள வரக்கூடாது, அவ்ளோதானே? பஸ் ஸ்டாப்பு அவங்களுது இல்லையே?"

அப்படித்தான் அவன் அங்கே நிற்கத் தொடங்கினான். செவ்வாய், சனி, வேலை முடிந்து நேராக வருவான், சட்டையெல்லாம் பெயின்ட் புள்ளியோடு. ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை கேட்டுக்கு எதிரே நிற்பான். யார் வெளியே வருவார்கள் என்று அவனுக்கும் தெரியாது. முதல் மாதத்தில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் இரண்டு முறை விரட்டினார். ஹெர்பர்ட் கால்வலியோடு வியாழக்கிழமைக் கூட்டத்தைத் தொடர்ந்தார், வேறு வழி இல்லை. முடியும்போது சனிக்கிழமைகளில் இவரும் வந்து நிற்பார். ஒரு வருஷத்தில் ஏறக்குறைய நூறு பேரிடம் பச்சைமுத்து பேசியிருப்பான். நான்கு பேர் ஹாலுக்கு வந்தார்கள். ஒருவர் நிலைத்தார்.

"ஒருத்தர்" என்பார் ஹெர்பர்ட், ஏதோ யாரையோ திட்டுவதுபோல. "யாருன்னு முன்னாடியே தெரிஞ்சா, உள்ளயே பேசி வெச்சிருந்தா, பத்துப் பேராவது நிலைச்சிருப்பாங்க."

2005 ஆகஸ்டில், அவர் ஏழு வருஷமாக எழுதிவந்த மனுவுக்கு உத்தரவு வந்தது. விடுதலைத் தேதியைச் சீர்திருத்தக் குழுக்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்கலாம் என்று எழுதியிருந்தது. தண்டனைக் கைதிகளுக்கு மட்டும். அவர்களுடைய தேதி எப்போதுமே ஃபைலில் இருந்ததுதான். விசாரணைக் கைதிகள் பற்றிக் கடைசி வரியில், "பொருந்தாது" என்று ஒரே சொல். ஹெர்பர்ட் அதை வாசித்துவிட்டுக் கேத்தரினிடம் நீட்டினார். அவள் படித்துவிட்டு, முதல்முறையாக, "இவங்களுக்கு என்னங்க வந்திச்சி?" என்று கோபப்பட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தூறிக்கொண்டிருந்தது. ஹெர்பர்ட்டும் பச்சைமுத்துவும் ஒரே குடையின் கீழ் நின்றார்கள். ஏழே காலுக்குச் சின்னக் கேட் திறந்து ஒருவன் வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை, காலில் செருப்பில்லை. எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றான். பச்சைமுத்து கிட்டே போனான்.

"அண்ணா, எந்த ஊரு? டீ சாப்பிடறீங்களா?"

"யாரு நீ? போலீஸா?"

"இல்ல ண்ணா. நானும் இங்க இருந்தவன்தான். குடிப் பழக்கம் இருந்தா ஒரு இடம் இருக்கு, இதுல நம்பரு..."

அவன் சீட்டைக் கையில் வாங்கவே இல்லை. ஓசூர் பக்கம் போகிற பஸ் ஒன்று வேகம் குறைத்தது, ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான். ஹெர்பர்ட் வலிக்கிற காலோடு நாலு எட்டு ஓடி, "நம்பரையாவது வாங்கிக்கோப்பா!" என்று கத்தினார். கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் போய்விட்டது.

ஹெர்பர்ட் மூச்சு வாங்கத் திரும்பி வந்து, கேட்டில் நின்ற காவலரிடம், இன்றைக்கு இன்னும் எத்தனை பேர் வெளியே வருவார்கள் என்று கேட்டார். தெரியாது என்றார் காவலர். உள்ளே யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். அதுவும் தெரியாது என்றார்.